சுவரோடு ஆறு வாரம்

பில்சென் நகரில் நான்காம் எண் டிராம் ஓட்டுகிறேன்,
இருபத்தாறு வருடமாக.
என் வண்டியில் திருப்புவதற்குச் சக்கரம் கிடையாது.
தண்டவாளம் வளைந்தால் நானும் வளைவேன்,
நேரே போனால் நேரே.
குறுக்கே வரும் குடிகாரனுக்கு மணி அடிப்பேன்.
அது ஒன்றுதான் என் இஷ்டம்.

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மறுநாள்
நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாலிருந்து
அந்த டென்னிஸ் மட்டையை எடுத்தேன்.
மகன் பதின்மூன்று வயதில் வீசியெறிந்தது.
கைப்பிடியில் அவன் பல் பதிந்திருக்கிறது.
தோற்ற கோபம்,
இத்தனை வருடம் கெடாமல்.

முதல் ஆறு வாரம்
கிளப்பின் பச்சைச் சுவர் மட்டுமே என்னோடு ஆடியது.
சுவருக்கு மூச்சு வாங்காது.
கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும்,
கொஞ்சம் அவசரமாக,
கொஞ்சம் உயரம் குறைத்து.
மணமாகிப் பதினோரு வருடம்
இப்படி ஒன்றோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்
என்று தோன்றிச் சிரித்த நேரம்
பந்து மூக்கில் பட்டது.

பயிற்சியாளன் ஹினெக்குக்கு இருபத்து மூன்று வயது.
"முழங்காலை மடக்குங்கள், திருமதி ஷிமாகோவா."
மடக்கினேன்.
காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம்.
அவன் மரியாதையாக
மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பந்து வருகிறது என்றால்
என் வலது கால் பிரேக்கைத் தேடுகிறது.
"நிற்காதீர்கள், போங்கள்!"
"எந்தப் பக்கம்?"
நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.
"அதை நீங்கள்தானே முடிவு செய்ய வேண்டும்!"
நான் யோசித்து முடிப்பதற்குள்
பந்து வேலி தாண்டி
காலி பீர்ப் பீப்பாய்களுக்கு நடுவே
தன் முடிவைத் தானே எடுத்திருந்தது.

டிப்போவில் விஷயம் பரவிவிட்டது.
பன்னிரண்டாம் எண் ஓட்டும் லுமீர்
என்னைக் கண்டால் சில்லறைக் காசை மேலே போட்டு
உள்ளங்கையால் சர்வ் அடித்துக் காட்டுகிறான்.
அடிக்கட்டும்.
அவனுக்கும் நாற்பத்தெட்டு.

ஆகஸ்டில் முதல் ஆட்டம்.
எதிரே வ்ராதிஸ்லாவ்,
ஓய்வுபெற்ற பல் டாக்டர், இடுப்பில் ஒரு பக்கம் உலோகம்.
ஓடமாட்டார்.
ஓடவேண்டிய தேவையும் அவருக்கு வரவில்லை.
ஆறு–பூஜ்யம்.
இரண்டாவது செட்டிலும் ஐந்து பூஜ்யம் ஆனபோது
என் மட்டையின் நடுவில்
அதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தம்.
"வெளியே" என்றார், நின்ற இடத்திலிருந்தே.

புகார் சொல்லும் பயணிகளிடம்
இருபத்தாறு வருடம் தலையசைத்தவள் நான்.
வலையைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.
நொறுக்கிய செங்கல் பரப்பிய தரையில்
பந்து தன் தடத்தை விட்டுப் போயிருந்தது,
நகம் அளவுக்கு,
கோட்டின் ஓரத்தைக் கவ்வியபடி.
"பாருங்கள்."

கண்ணாடியை மாற்றிப் போட்டு,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெல்லக் குனிந்து
சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல்
வெகுநேரம் பார்த்தார்.
"தொட்டிருக்கிறது" என்றார்.
ஏதோ பிடுங்கப்பட்டவர் போன்ற குரல்.

அடுத்த நான்கு புள்ளிகளும் அவருக்கே.
அதை இங்கே நீட்டி எழுதப் போவதில்லை.

ஆட்டம் முடிந்தால் தரையைச் சமன் செய்துவிட்டுப் போகவேண்டும்,
அது கிளப் விதி.
பாய் போன்ற கனத்த வலையை
ஓரத்திலிருந்து உள்நோக்கி
வட்ட வட்டமாக இழுத்தேன்.
அந்தத் தடத்தை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும்
ஒதுக்கி ஒதுக்கி விட்டேன்.
ஹினெக் கத்தினான்,
எட்டு மணிக்கு அடுத்தவர்கள் வருகிறார்கள்.
சரி என்று
அதன்மேலும் இழுத்தேன்.

காலை நாலு நாற்பதுக்கு முதல் வண்டி.
நிலையத்தைத் தாண்டி ஒரு வளைவு வரும்,
கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன்.
இன்று வளைவுக்கு முன்னாலேயே
உட்கார்ந்த இடத்தில் இடப்பக்கம் சாய்ந்திருந்தேன்,
பந்து அங்கேதான் வரும் என்பதுபோல.

கடைசி நிறுத்தத்தில் துப்புரவு செய்ய ஏறிய டோபினா
என் காலுறையைப் பார்த்துப் பதறினாள்.
"ரத்தமா?"

இல்லை, செங்கல்.